இரண்டாவது பெட்டி

பிறந்த வீட்டுக்குக் கிளம்பப் புடவைகளை எடுத்தபோது, பீரோவின் அடித்தட்டில் பிரிக்காத மாத்திரைப் பெட்டி ஒன்று பவளக்கொடியின் கையில் தட்டுப்பட்டது. மேலே அவள் பெயரும் ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதியும். கீழே நர்ஸின் கையெழுத்தில், 'மனைவிக்கு. தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் கட்டாயம் சாப்பிட வேண்டும்.' பக்கத்தில் அதேபோல இன்னொன்று, புருஷன் தணிகாசலத்தின் பெயரில். அது காலி. அந்த மாசம்தான் ஒன்றுக்குப் போனால் எரிகிறதென்று அவன் துடித்தான். லுங்கியில் சீழ்க்கறை. சூடு பிடித்திருக்கிறது என்றான். அவளும் நம்பி அவன் கால் கட்டைவிரலில் விளக்கெண்ணெய் வைத்தாள், தினம் இளநீர் வாங்கிக் கொடுத்தாள், கறையையும் துவைத்தாள். ஒரே வாரத்தில் அவனுக்குச் சரியாகிவிட்டது. அவளுக்கு வலியுமில்லை, எரிச்சலுமில்லை. போன மாசம் சோதித்த டாக்டரம்மாதான், எப்போதோ வந்த தொற்றைக் கவனிக்காமல் விட்டதில் கருக்குழாய் இரண்டும் அடைத்துவிட்டது என்றார். மலடி என்று ஊரைக் கூட்டிச் சொல்ல மாமியாருக்கு அது போதும். அவனுக்கு வேறு பெண்ணும் பார்த்தாயிற்று. வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. பிரிக்காத பெட்டியை, அறைக் கதவருகே நின்ற தணிகாசலத்தின் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவன் வாங்கவில்லை. "உனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே, எதுக்குச் சொல்லிச் சண்டையை இழுக்கணும்னு விட்டுட்டேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இங்க வெச்சுட்டுப் போயிடாத. அடுத்த மாசம் வர்றவ கண்ணுல பட்டுடும். உன் பேர்தானே போட்டிருக்கு, நீயே எடுத்துட்டுப் போ."