தொலையாத முள்கரண்டி

"ரயில்லயா விட்டுட்டு வந்தீங்க?" மாரிவிக் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"மேல் தட்டுல வெச்சேன். பூசைக்கு நேரமாச்சேன்னு அவசரமா இறங்கினதுல..." ரோடெல் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பு வெளியே தெரிந்துவிடக் கூடாதே!

தொலைந்தது சாதாரண முள்கரண்டி அல்ல. மாமியார் லூமிங் கல்யாணப் பரிசாகப் பிலிப்பைன்ஸிலிருந்து கப்பலேற்றி அனுப்பியது. மரத்தில் செதுக்கியது, துடுப்பு நீளம். ஒரு எருமையையே அதில் குத்தி எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம்.

ஊரில் சாப்பாட்டறைச் சுவரில் தொங்கினால் அது லட்சணம். இங்கே ஜப்பானில், யாய்ஸு ஊரில், அவர்களுக்கு இருந்ததே ஓர் அறை. சாப்பாட்டறையும் அதுதான், படுக்கையறையும் அதுதான். முள்கரண்டி ரோடெலின் தலைமாட்டுக்கு நேர் மேலே தொங்கியது.

ஜப்பான் பூமியோ சும்மா இருக்காது. லேசாக ஒரு குலுங்கு குலுங்கினாலே முள்கரண்டி ஆணியில் ஊசலாடும். பள்ளியில் பழக்கியபடி மகள் மிக்கா மேஜைக்கடியில் பாய்ந்து, "அப்பா, தலை!" என்று கத்துவாள். ஒருமுறை விழுந்தே விட்டது. நெற்றியில் நாலு பல்லும் பதிந்த அந்த வாரம் முழுக்க, மீன் பதனிடும் கூடத்தில் ரோடெலுக்குப் பெயர் 'சீப்பு'.

கழற்றி வைக்கலாமென்றால், ஞாயிறு தவறாமல் மாமியார் போனில் முகம் காட்டுவாள். "நல்லா இருக்கீங்களா?" என்பது அப்புறம். முதல் வார்த்தையே "சுவரைக் காட்டு!" என்பதுதான். மாரிவிக்கும் அதைத் துடைத்துத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். 'உங்கம்மா கொடுத்தது வேண்டாம்' என்று அவளிடம் சொல்லிவிட்டுக் குடித்தனம் நடத்த முடியுமா? தானாகத் தொலைந்தால் யாருக்கும் மனவருத்தமில்லை. அதனால்தான் கோயில் திருநாள் அலங்காரத்துக்கு என்று சொல்லி எடுத்துப்போய் ரயிலில் விட்டான்.

"ஸ்டேஷன்ல புகார் எழுதிக் குடுத்துட்டு வரட்டுமா?" என்றான், பெரிய மனது பண்ணி.

"வேணாம், வேணாம். உங்களுக்கு எதுக்குங்க அலைச்சல்? நான் அந்தோணியார்கிட்ட சொல்லிக்கிறேன்."

காணாமல் போனதையெல்லாம் தேடிக் கொடுக்கும் அந்தப் புனிதரின் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலிட்டாள்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பியவனை ஸ்டேஷன் மாஸ்டர் மறித்தார். இடுப்பு ஒடியக் குனிந்து, முள்கரண்டியை இரண்டு கையாலும் நீட்டினார். "உங்களோடதுதானே சார்? இந்த ஊர்ல வேற யாரு இதைத் தூக்கிக்கிட்டு ரயில் ஏறப் போறாங்க!"

"வந்திருச்சு பாரு," என்றான் ரோடெல் வீட்டில், அழாத குறையாக.

"ஆமா... வந்திருச்சு," என்றாள் மாரிவிக்.

மாலையில் பார்த்தால், அடுப்படி மேடையில் அந்தோணியார் சுவரைப் பார்த்து நின்றார். தூசி துடைத்தவள் மறந்திருப்பாள் என்று ரோடெலே திருப்பி வைத்தான்.

அடுத்த முறை பாலிஷ் போட்டுக் காயவைத்ததாகச் சொல்லிக் கடற்கரைப் பூங்காவில் விட்டான். மறுபடியும் மெழுகுவர்த்தி, மறுபடியும் முழங்கால். சாயங்காலமே ஒரு போலீஸ்காரர் அதைச் சைக்கிளில் குறுக்கே கட்டி, பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கைப்பிடியில் மாமியார் செதுக்கச் சொன்ன இரண்டு பெயர்களைத் தடவிக் காட்டினார். "கல்யாணப் பரிசாச்சே சார், இப்படி விடலாமா? வீட்டம்மா மனசு என்ன பாடு படும்?"

ரோடெல் நாலு தடவை குனிந்து நன்றி சொன்னான். முதுகு வலித்ததுதான் மிச்சம்.

கடைசியில் புயல் வந்தது. கூரைகளை அப்பளம்போல் பறக்கவிடும் புயல். 'காத்தாட இருக்கட்டும்' என்று முள்கரண்டியை பால்கனியில் சாய்த்து வைத்தான். விடிந்தபோது பால்கனி காலி! மாரிவிக் மூன்றாவது மெழுகுவர்த்தியை ஏற்றினாள்.

மதியம் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு ஹோஷினோ அம்மாள். கையில் ஊதாப் பட்டுத் துணியில் சுற்றி முடிச்சிட்ட நீளமான மூட்டை, அதன்மேல் ஒரு இனிப்புப் பெட்டி.

"என் காமெலியாச் செடி மேல வந்து விழுந்திருச்சு. கழுவித் துடைச்சுக் கொண்டாந்திருக்கேன். பாவம், ஒரு பல்லுல லேசா கீறல். என் செடி குறுக்க இருந்ததாலதான்... மன்னிச்சுக்குங்க."

ரோடெல் எட்டிப் பார்த்தான். செடி இருந்த இடத்தில் நாலு குச்சிதான் மிச்சம். அவளோ இவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்!

அவனுக்குப் பொறுக்கவில்லை. மாரிவிக்கிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். அவள் அழட்டும், மாமியார் போனுக்குள்ளிருந்தே கையை நீட்டி அடிக்கட்டும். முள்கரண்டியைத் தோளில் சாத்திக்கொண்டு, அடுப்படித் திரை வரைக்கும் போனான்.

உள்ளே மாரிவிக்கின் குரல் கேட்டது. திரையின் இடுக்கில் எட்டிப் பார்த்தான்.

அந்தோணியார் மறுபடியும் சுவரைப் பார்த்து, வகுப்பில் தண்டனை வாங்கிய பையனைப்போல் நின்றிருந்தார். மாரிவிக் இடுப்பில் ஒரு கையை ஊன்றி, மற்றக் கையின் விரலை அவர் முதுகுக்கு நேரே ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"மூணு மெழுகுவர்த்தி ஏத்தி முழங்கால் தேயக் கெஞ்சினேனே, யாருய்யா உன்னைத் தேடச் சொன்னது?"