தொட்டால் பேசும் நெல்

"புது மெஷின்ல யாருங்க இந்த அட்டையை மாட்டினது?"

அரவிந்தன் போட்ட சத்தத்தில் அந்தச் சின்ன மியூசியமே ஒரு குலுங்கு குலுங்கியது.

கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், ஊர்க்காரர்கள் டிரஸ்ட் வைத்து நடத்தும் நெல் மியூசியம் அது. மூலையில் ஆளுயரத்துக்கு நிற்கும் டச் ஸ்கிரீன், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அரவிந்தன் வாங்கிக் கொடுத்தது. பூங்கார் படத்தைத் தொட்டால் பூங்கார் நெல் தன் கதையைச் சொல்லும். தூயமல்லியைத் தொட்டால் தூயமல்லி பேசும்.

இப்போது அந்த ஸ்கிரீனை மறைத்துக்கொண்டு ஓர் அட்டை தொங்கியது. 'பழுது. தொடாதீர்கள்.'

லீவில் ஊருக்கு வந்தவன், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் இதைப் பார்க்கத்தான் ஓடி வந்திருந்தான். கோபம் வராமல் என்ன செய்யும்?

"நான்தான் சார் மாட்டினேன்" என்றாள் பரிதி. மியூசியத்துக்குப் பொறுப்பாளர் அவள்தான். வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் அவள்தான், ஒட்டடை அடிப்பதும் அவள்தான்.

"என்ன ரிப்பேர்?"

"அது... சரியா வேலை செய்யல சார்."

அரவிந்தன் அட்டையைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டான். ஸ்கிரீன் பளிச்சென்று வந்தது. பூங்கார் மேல் விரலை வைத்தான்.

"வணக்கம்! நான்தான் பூங்கார்..." என்று நெல் கணீரென்று ஆரம்பித்தது.

தூயமல்லியும் பேசியது. மாப்பிள்ளைச் சம்பாவும் பேசியது. பரிதி மட்டும் பேசவில்லை.

"நல்லாத்தானே ஓடுது? எதுக்குங்க இந்தப் பொய்?"

அவன் கழற்றிப் போட்ட அட்டையை அவள் எடுத்துத் தூசி தட்டினாள்.

"எனக்குத் தெரியும்ங்க. வாங்கும்போதே 'அவசரப்பட வேணாம் சார், யோசிச்சு வாங்கலாம் சார்'னு இழுத்தவங்கதானே நீங்க? உங்க பேச்சைக் கேக்கலேன்னு இப்ப மூடிப் போட்டுட்டீங்க."

"சத்தியமா அப்படி இல்ல சார்."

"பின்னே எப்படி? சொல்லுங்க!"

பரிதி வாயைத் திறந்தாள். அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். என்ன நினைத்தாளோ, மறுபடி மூடிக்கொண்டாள்.

"தப்புதான் சார். மன்னிச்சிடுங்க."

"டிரஸ்ட்ல பேசிக்கிறேன். வேற ஆளைப் போடட்டும்."

பரிதிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வேலையை நம்பித்தான் அவள் வீடு ஓடுகிறது. ஆனாலும் பாருங்கள், அவன் பைக் கிளம்பிய சத்தம் கேட்டதும் அட்டையை எடுத்துப் பழையபடி மாட்டிவிட்டாள். இந்தப் பிடிவாதத்தை என்னவென்று சொல்வது!

அரவிந்தன் வீட்டுக்கு வந்தபோது, அம்மா ஆனந்தவல்லி வயலிலிருந்து திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். குத்தகை நிலத்தில் பாடுபட்டு அவனைப் படிக்க வைத்தவள். மகன் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் வயலை விடவில்லை. சும்மா உட்கார்ந்தால் சோறு இறங்காது என்பாள்.

"என்னடா, வந்ததும் வராததுமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?"

"மியூசியத்துல பரிதின்னு ஒரு பொண்ணு இருக்குல்ல, அதை மாத்தச் சொல்லப்போறேம்மா."

"ஐயையோ, ஏண்டா? தங்கமான பொண்ணாச்சே!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் போனேன்ல! எம்மவன் வாங்கிக் கொடுத்த மெஷினை நான் பாக்க வேணாமா?"

ஆனந்தவல்லி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பூங்காரைத் தொட்டேன். பேசல. அழுத்தித் தொட்டேன். அப்பவும் பேசல. ரேஷன் கடை மெஷின்ல என் ரேகை விழாம, இந்த விரலை வை, அந்த விரலை வைன்னு படுத்துவாங்கல்ல? அதே மாதிரி இங்கேயும் எல்லா விரலையும் வச்சுப் பாத்துட்டேன். பின்னாடி வரிசையில நின்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சிரிக்க ஆரம்பிச்சிடுச்சுங்க. எனக்கு உடம்பே கூசிப்போச்சுடா. பெத்த புள்ள வாங்கின மெஷின்கூட நம்ம கையை வேணாங்குதேன்னு..."

அரவிந்தன் நிமிர்ந்து பார்த்தான்.

"அதுக்குள்ள அந்தப் பொண்ணு ஓடியாந்துச்சு. 'ஐயோ அம்மா, இது காலையிலேருந்தே ரிப்பேரு. அட்டை மாட்ட மறந்தது என் தப்பு'ன்னு அந்தப் பிள்ளைங்க முன்னாடியே சொல்லி, அப்பவே எழுதி மாட்டிச்சு. அப்புறந்தான் எனக்கு உசிரே வந்துச்சு. என் கையில ஒண்ணும் கோளாறு இல்ல, மெஷின்தான் ரிப்பேரு! சந்தைக்குப் போறப்பல்லாம் எட்டிப் பாக்குறேன். 'இன்னும் சரியாகலம்மா'ங்குது. மெஷின் கெட்டதுக்கு அது என்னடா பண்ணும், பாவம்?"

அரவிந்தன் அம்மாவின் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தான். நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து, ரேகை தேய்ந்து காய்த்துப்போன கை. கடையில் அவன் தன் விரலால் மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு, பிரமாதம் என்று வாங்கிய மெஷின் அது. வெட்கமாக இருந்தது அவனுக்கு.

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"பரிதி, நான் அரவிந்தன். அம்மா எல்லாம் சொன்னாங்க. காலையில பேசினதுக்கு என்னை மன்னிச்சிடுங்க. டிரஸ்ட்டுக்கெல்லாம் போகல, நீங்கதான் அங்கே இருக்கணும். நான் கழற்றின அட்டையைப் பழையபடி மாட்டிடுங்க. அமுக்குற மாதிரி பெரிய பட்டன் வச்ச மெஷினா பார்ப்போம். அம்மாவையும், நம்ம தெருவுல நடவுக்குப் போறவங்களையும் கடைக்குக் கூட்டிட்டு வர்றேன். அவங்க கைக்குப் பேசினாத்தான் வாங்குறது."

அந்தப் பக்கம் பரிதி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரிங்க சார்" என்றாள்.

உள்ளே வந்தவனுக்கு ஆனந்தவல்லி சோற்றைப் போட்டுக்கொண்டே ஆவலாகக் கேட்டாள்.

"ஏண்டா தம்பி, உனக்காச்சும் பேசுச்சா அந்த மெஷினு?"

"இல்லம்மா" என்றான் அரவிந்தன். "எனக்கும் பேசல."