வருமானம் உள்ளவள்

டிவியின் ஒரு முனையை நானும் மறுமுனையைப் பக்கத்து வீட்டுக் கிளெர்மீஸும் பிடித்துக்கொண்டு, சேற்றில் வழுக்காமல், என் தகர வீட்டிலிருந்து அவளுடைய தகர வீட்டுக்குப் பக்கவாட்டில் நடந்தோம்.

"மெதுவாக்கா, கதவு இடிக்குது!"

விடிந்தும் மழை விடவில்லை. தக்காளி வயலுக்கு ஆள் ஏற்றும் பேருந்து வரவில்லை. எங்கள் ஊர் இம்மோகாலியில் பேருந்து வராத நாள் கூலி இல்லாத நாள். அன்றைக்குப் பார்த்துத்தான் பல்கலைக்கழகத்துப் பெண் வருகிறாளாம்.

இந்த ஃப்ளோரிடா வயல்களில் ஹைட்டிக்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், எங்களைப் போன்ற மெக்சிகோக்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு ஒப்பிட்டு எழுதப்போகிறாளாம்.

யார் என்ன எழுத வந்தாலும் எங்கள் ஆட்களுக்குப் பயம்தான். எனக்கும் என் கணவன் சானோவுக்கும் இந்த நாட்டில் இருக்க ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. இருப்பதைக் காட்டினால் எப்படி வந்தது என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லாதவளாக இருந்துவிட்டால் தொல்லையில்லை. சானோ வண்டியைக்கூட அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு வந்திருந்தான்.

ஹைட்டிக்காரி கிளெர்மீஸ் கதை நேர் எதிர். அவளுக்குத் தற்காலிக அனுமதி உண்டு. மகள் விட்லீனை எட்டு வயதில் சொந்த ஊரான ஜாக்மெலில் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தவள். விட்லீனுக்கு இப்போது பத்தொன்பது. அவளை இங்கே வரவழைக்க மனுப் போட்டுப் பதினாறு மாதம் ஆகிறது. 'மகளை வைத்துக் காப்பாற்ற வருமானம் இருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கே ஆள் வரலாம்' என்று வக்கீல் எப்போதோ சொல்லியிருக்கிறார்.

அந்த ஆள்தான் இவள் என்று கிளெர்மீஸ் முடிவு கட்டிவிட்டாள்.

"படிக்கிற பொண்ணுடீ, சும்மா கேட்டு எழுத வருது" என்றேன்.

"எல்லாரும் அப்படிச் சொல்லிக்கிட்டுத்தான்க்கா வருவாங்க."

என் வீடு ஏழை வீடாகத் தெரிய வேண்டும். அவள் வீடு வசதியான வீடாகத் தெரிய வேண்டும். ஒரு டிவியை இடம் மாற்றியதில் இரண்டு காரியமும் முடிந்தது.

அந்தப் பெண் நனைந்துகொண்டு வந்தாள். கிளெர்மீஸ் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் வெள்ளைக் கவுனில், தொப்பி சகிதம் நின்றாள். உட்கார வைத்து, வறுத்த பன்றிக்கறியை ஒரு தட்டு நிறைய வைத்தாள். பேச்செல்லாம் வயலில் எங்களிடம் கற்ற ஸ்பானிய மொழியில்.

எத்தனை வேலை?

"ரெண்டு. வயல் ஒண்ணு, ஓட்டல் ஒண்ணு." ஓட்டல் வேலை போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

மாதக் கடைசியில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வருவதுண்டா?

"என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?" என்று இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். முந்தாநாள் என் பானையிலிருந்துதான் அவளுக்குப் பீன்ஸ் போயிருந்தது.

வீட்டில் எத்தனை பேர்?

"ரெண்டு பேர்" என்று சொல்லி உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டாள். கட்டிலில் புது விரிப்பு. கீழே விலைச்சீட்டு கிழிக்காத மூன்று ஜோடிச் செருப்பு, ஒன்றைவிட ஒன்று பெரிதாக. எட்டு வயதுக் காலைத்தான் அவளுக்குத் தெரியும்.

அடுத்தது என் முறை. என் வீட்டில் மூன்று பேர் சம்பாதிக்கிறோம், ஒருவர்தான் என்றேன். டிவி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். கிளெர்மீஸ் சிரிப்பை அடக்க இருமினாள்.

குடையை விரித்தபடியே அந்தப் பெண் சொன்னாள்: "இந்தத் தெருவுல ஹைட்டிக்காரங்க கொஞ்சம் நல்லாவே இருக்கீங்க போல."

அவள் தலை மறைந்ததும் கிளெர்மீஸ் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "கேட்டியாக்கா? அவ வாயாலயே சொல்லிட்டா!"

உடனே கைப்பேசியை எடுத்தாள். மகளுக்கு அவர்கள் மொழியில் ஒரு குரல்செய்தி பேசினாள். அனுப்புவதற்கு முன் என்னிடம் போட்டுக் காட்டினாள். எனக்கு விட்லீன் என்ற பெயரைத் தவிர ஒன்றும் புரியவில்லை.

"அதிகாரி வந்து பாத்துட்டாங்க, நமக்கு வருமானம் இருக்குன்னு எழுதிட்டாங்கன்னு சொல்லியிருக்கேன். நாளையிலேர்ந்து தையல் கடைக்குப் போக வேண்டாம், மெஷினை வித்துட்டு ரெடியா இருன்னும் சொல்லியிருக்கேன். சரிதானே?"

எங்கள் இரண்டு வீட்டுக்கும் தபால்பெட்டி ஒன்றுதான். போன வியாழக்கிழமை வக்கீலிடமிருந்து அவளுக்கு வந்த கடிதத்தைச் சானோ எங்களுடையது என்று நினைத்துப் பிரித்துவிட்டான். உணவகத்து அடுப்படியில் கற்ற ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னான். இப்படி ஆட்களை வரவழைக்கும் வழியையே மூடிவிட்டார்களாம். ஏற்கெனவே உள்ளே போன மனுக்களையும் இனி யாரும் பார்க்க மாட்டார்களாம். வருமானத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஐந்து நாளாக அதை மெத்தைக்கு அடியில் வைத்திருந்தேன், பாவி.

கிளெர்மீஸின் கட்டைவிரல் பொத்தானுக்குப் போனது.

"அனுப்பாதடீ" என்றேன்.