ஷெர்வின் பெயரில் ஏழு வரி

"ஓசில வேல செஞ்சா இன்னா மேடம் கெடைக்கும்?"

நடுவரிசையில் ஒருவன் கேட்டான். செமினார் ஹால் முழுக்கச் சிரிப்பு.

"பேர் கெடைக்கும்" என்றாள் ராதிகா. பெங்களூரில் டேட்டாபேஸ் கம்பெனி ஒன்றில் வேலை செய்பவள். கேஜிஎஃப் ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் கல்லூரியின் முதல் வருடப் பிள்ளைகளை ஓப்பன் சோர்ஸுக்கு இழுக்க வந்திருந்தாள்.

நிரலை யாரும் படிக்கலாம். பிழை இருந்தால் திருத்தி அனுப்பலாம். ஏற்றுக்கொண்டால் உங்கள் பெயரோடு உலகம் முழுக்கப் போகும் என்றாள். உதாரணத்துக்குத் தங்கள் டேட்டாபேஸுக்கு வந்த ஒரு திருத்தத்தைத் திரையில் காட்டினாள்.

ஏழு வரி. தேதி காலியாக இருந்தால் டேட்டாபேஸ் நின்றுபோகும். அதைச் சரி செய்தது.

மேலே பெயர்: ஷெர்வின் பர்னபாஸ், கேஜிஎஃப்.

எழுதியது நான்.

இரண்டாம் வருடத்தில் படிப்பை விட்டேன். ஒயிட்ஃபீல்டில் ஓர் ஆபீஸ் கேட்டில் நைட் ஷிப்ட் காவல். அன்று காலை ரயிலிலிருந்து இறங்கி, யூனிஃபார்மோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

லேப்டாப் ஷெர்வினுடையது. என்னோடு படித்தவன். அவன் அப்பா எனக்குக் கொடுத்தார். அதிலிருந்து யார் அனுப்பினாலும் அவன் பதிந்து வைத்த பெயர்தான் போகும். முதல் திருத்தம் போன பிறகுதான் கவனித்தேன். மாற்ற ஒரு நிமிடம்தான் ஆகும்.

மாற்றவில்லை. இதுவரை பதினொன்று போயிருக்கின்றன.

"இவர் உங்க ஊர்தான். யாருக்காவது தெரியுமா? டிகிரியெல்லாம் கேக்க மாட்டோம். நாளைக்கே இன்டர்வியூ."

இனி கேட்டைத் திறந்து மூட வேண்டாம். கையைத் தூக்கினேன். பாதிதான் தூக்கியிருப்பேன்.

"நம்ம பையன் மேடம்."

வாசலோரம் நின்றிருந்த லேப் அட்டெண்டர் பர்னபாஸ். ஷெர்வினின் அப்பா.

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒருவன் விசில் அடித்தான்.

"வந்திருக்காரா சார்?"

"வேலைக்குப் போயிருக்கான் மேடம். வந்தா சொல்றேன்."

லெக்சரர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் நாலு பேர் ஷெர்வினின் அடக்கத்துக்கு வந்தவர்கள். பதினாலு மாதம் ஆகிறது. பெட்டியின் கால்பக்கத்தை நான் பிடித்திருந்தேன்.

கையை இறக்கினேன்.

கூட்டம் கலைந்ததும் காரிடாரில் பர்னபாஸ் என்னை நிறுத்தினார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

கேட்கவில்லை. போனை எடுத்து நீட்டினார். திருத்தங்கள் பதிவாகும் தளத்தில் ஷெர்வினின் பக்கம் திறந்திருந்தது. நான் திருத்தம் அனுப்பிய நாட்களில் மட்டும் ஒரு பச்சைக் கட்டம். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய், கடைசியில் நிறுத்தினார்.

"இந்த மாசம் இன்னும் ஒண்ணும் வரலியேப்பா. இன்னா ஆச்சு?"

"ஷிப்ட் ஜாஸ்தி அங்கிள்" என்றேன். "சனிக்கிழமை அனுப்பிடறேன்."