புது கிரைண்டரின் பாலிதீன் உறை

சலேத்மேரியின் மாவுக் கடையில் இரண்டு கிரைண்டர்கள் இருந்தன. பழையது நாள் முழுக்க அரைத்தது. அரசாங்க மானியத் திட்டத்தில் வந்த புதியதோ, நெற்றியில் அதன் ஸ்டிக்கரோடு, பாலிதீன் உறைக்குள் சும்மா நின்றது. சலேத்மேரி தினமும் அதற்குச் சிலுவை போட்டு, உறையைத் துடைத்துவிட்டுப் போவாள்.

"அக்கா, அரைக்கும்போது எப்படி இருக்கும்?" என்று புதியது கேட்டது.

"வயிற்றுக்குள்ளே மழை பெய்யற மாதிரி இருக்கும்டி" என்றது பழையது. அதன் மோட்டாரிலிருந்து கருகல் வாடை வந்தது.

"உங்களுக்கு முடியலையே. என்னை ஏன் ஓடவிட மாட்டேங்கிறாங்க?"

"அதிகாரி வந்து பார்க்கிறவரைக்கும் நீ புதுசாவே இருக்கணுமாம். மாவு பட்டா மானியம் போயிடுமோன்னு அவளுக்குப் பயம். நான் நின்னுட்டா கடையும் நின்னுடும். அவர் வர்றவரைக்கும் தாங்கணும்னு நானும் வேண்டிக்கிட்டே சுத்தறேன்."

மறுநாள் அதிகாரி வந்தார். சலேத்மேரி அவசரமாகப் பழையதை நிறுத்தி, சாக்கால் மூடினாள். அவர் புதியதைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒரு பொட்டு மாவுகூட ஒட்டலையே! தொழில் நடக்குதான்னு பார்க்கத்தானேம்மா வந்தேன்? ஓடாத மெஷினுக்கு எப்படி மானியம் எழுதறது?"

சலேத்மேரி உறையை டர்ரென்று கிழித்து, ஊறின உளுந்தைக் கொட்டி, சுவிட்சைப் போட்டாள்.

"அக்கா, கூசுது!" என்று புதியது கத்தியது.

"பார்த்துடி, ஸ்டிக்கர் மேலே தெறிச்சிடப் போகுது" என்றது பழையது, சாக்குக்குள்ளிருந்து.

"தெறிச்சிடுச்சுக்கா. அதைத்தான் அவர் போட்டோ எடுக்கிறார்."