தொட்டிக்கு ஒரு மூடி

ஒரு கண்ணாடித் தொட்டியில், மேல்தண்ணியிலேயே நீந்தித் திரியும் சின்ன மீன் ஒன்று இருந்தது. அதற்குத் துள்ளுவதுதான் பிறவிக் குணம். துள்ளும்போதெல்லாம் கண்ணாடி மூடியில் போய் முட்டிக்கொள்ளும்.

"வலிச்சுதா கண்ணு?" என்று கேட்டது மூடி.

"வலிக்காம என்ன செய்யும்? இப்படித் தலைக்கு மேலேயே கிடக்கிறியே, உனக்கு வேற வேலையே இல்லையா? எங்க அண்ணன் கொடுத்து வச்சவன். ஒரே துள்ளுல வெளியே போயிட்டான். இந்நேரம் ஏதாவது பெரிய ஆத்துல நீந்திக்கிட்டிருப்பான்."

கடையில் தன்னை அளவு பார்த்து வெட்டியபோது, வீட்டுக்கார அம்மா கடைக்காரரிடம் சொன்னதை மூடி கேட்டிருந்தது. "காலையில பெருக்கும்போது பார்த்தேங்க. அலமாரிக்கு அடியில, சருகு மாதிரி கிடந்துச்சு. கூடப் பிறந்தது இன்னொண்ணு இருக்கு. சீக்கிரம் வெட்டிக் கொடுங்க."

மீன் மறுபடி துள்ளியது, மறுபடி முட்டியது.

"நல்லவேளை, எங்க அண்ணன் போனப்ப நீ இல்லே!" என்றது கோபமாக.

மூடியின் அடியில் கோத்திருந்த நீர்த்துளி ஒன்று சொட்டென்று தொட்டிக்குள் விழுந்தது.

"ஆமா கண்ணு," என்றது மூடி. "நான் ஒரு நாள் பிந்தித்தான் வந்தேன்."