ஒப்பிடுவதற்கு ஓர் ஆள்

"லேப்ல யார் பேரையோ மாத்தி ஒட்டிட்டாங்க மேடம்," என்று சிரித்தார் நவநீதன்.

டாக்டர் சானியா சிரிக்கவில்லை. மேசைமேல் இரண்டு ரிப்போர்ட். ஒன்று மாஜி ஹவில்தார் நவநீதனுடையது. இன்னொன்று அவர் மனைவி மேகலாவுடையது.

போர்முனை அதிர்ச்சி ஊர் திரும்பியும் மனதை விட்டுப் போகாத பட்டாளத்துக்காரர்களுக்கு, ரத்தத்தில் தைராய்டு சுரப்பு எவ்வளவு இருக்கிறது என்று வேலூரில் ஓர் ஆராய்ச்சி. ஓயாத பயத்தில் இருக்கும் உடம்பில் அது கூடுமாம். ஒப்பிட்டுப் பார்க்க, எந்த ஆபத்தையும் பார்க்காத ஆட்களும் வேண்டுமாம். அதற்குத்தான் மேகலாவை இழுத்து வந்திருந்தார் நவநீதன்.

அந்த ஆட்களைப் பார்த்தாலே அவருக்கு இளக்காரம். ஊசிக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் வாத்தியார். தும்மினாலே லீவு போடும் குமாஸ்தா. இதுகளின் ரத்தத்தையும் தன் ரத்தத்தையும் ஒரே தராசில் வைப்பதா?

அதிலும் மேகலா! ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபது வருடமாகத் தையல் மிஷின். அவர் காஷ்மீர்ப் பனியில் செத்துப்போன தோஸ்தின் பக்கத்தில் இரண்டு நாள் படுத்துக் கிடந்தவர். இவள் கண்ட பெரிய ஆபத்து, கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டதுதான்.

கோழை வேறு. வாசலில் அவர் பூட்ஸ் சத்தம் கேட்டாலே கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்பாள். அதில் கொஞ்சம் மரியாதையும் உண்டு என்று அவர் நினைத்திருந்தார்.

இப்போது டாக்டர் சொல்கிறார்: தைராய்டு நவநீதனுக்கு ஜாஸ்தி. மேகலாவுக்கு அதைவிட ஜாஸ்தி.

"ரெண்டு தடவ எடுத்துப் பாத்துட்டோம் சார். ஸ்கேன்லயும் ஒன்னும் இல்ல," என்ற சானியா, மேகலாவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. எதுக்காச்சும் பயந்துட்டே இருக்கீங்களா?"

"இவளுக்கு இன்னா மேடம் பயம்? அதான் நான் இருக்கேன்ல."

அவளிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்வது அவர்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

ஆனால் டாக்டரின் பார்வை மேகலாவை விட்டு நகரவில்லை.

"கேக்கறாங்கல்ல, சொல்லேன்டி," என்றார் நவநீதன், அலுப்போடு.

மேகலா எழுந்தாள். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், அவர் கை எட்டாத தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள்.